இடை மெலிந்த உத்திரம்

தூணும் உத்திரமும் சேரும் மூலையில் ஓஃபீலியா பராகான் முகமூடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அவள் எழுந்திருக்கும்போது இரண்டும் ஒரே இரும்பாகியிருக்கும். எண்பதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க இரும்புக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவள் வெல்டர், நான் போல்ட் முடுக்குபவன். மதியம் உத்திரத்தின் மேலேயே சாப்பாடு. அவள் கொண்டுவரும் தமாலியில், அந்த மெக்சிகோ சோளக் கொழுக்கட்டையில், பாதி எனக்கு.

"இன்னைக்கும் காஞ்ச ரொட்டிதானா, வெர்ன்? உன் பொண்டாட்டிகிட்ட அப்படி என்னதான் தப்பு பண்ணின?" என்பாள்.

ரிசீடா பக்கம் நாங்கள் எழுப்பிய நாலு மாடி அலுவலகம் ஒன்றின்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காரை நிறுத்தி, "அம்மா ஒட்டினது" என்று மகளுக்குக் காட்டுவாள்.

தொண்ணூற்று நாலு ஜனவரியில் பூகம்பம் வந்தது. அந்தக் கட்டடம் விழவில்லை. கண்ணாடிகூட அதிகம் உடையவில்லை. ஆனால் லிஃப்ட் மட்டும் சரியாக ஓடவில்லை. காரணம் பார்க்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். தூண் சாய்ந்திருக்குமோ என்று இரும்பின் மேலிருந்த தீத்தடுப்புப் பூச்சை அவள் சுரண்டினாள். உத்திரத்தின் அடிப்பக்க வெல்டில் தொடங்கிய விரிசல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது. அதில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இது என் கைவேலை, வெர்ன்."

"ஊரெல்லாம் இப்படித்தான் வெடிச்சிருக்கு. எல்லாத்தையும் நீயா ஒட்டின?"

"இத நான்தான் ஒட்டினேன்."

அதன்பின் பல மாதங்கள் என்னைக் கேலி செய்யக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. காரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தக் கட்டடத்தை ஆராய்ந்த பொறியாளர் ஆரம் பெட்ரோசியான் ஒருநாள் அவளைத் தேடி வந்தார். பல்கலைக்கழகச் சோதனைக் கூடத்தில் புதுவகை இணைப்பு ஒன்றை ஒட்டித் தர வேண்டுமாம்.

"என்னோடது வெடிச்சுதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். மத்த எல்லாரும் அவங்களோடது வெடிக்கவே இல்லங்கிறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கிடந்த உத்திரத்தில், தூணுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு ஓரங்களையும் இடுப்புபோல வளைத்து வெட்டியிருந்தார்கள்.

"நல்ல இரும்ப எலி கடிச்ச மாதிரி ஆக்கிட்டீங்களே!"

"பூமி ஆடினா எங்கயாவது வளைஞ்சுதான் ஆகணும். உங்க வெல்ட் மேல பாரம் ஏற வேண்டாம், இந்த இடுப்பு வளையட்டும்" என்றார் ஆரம்.

"அப்போ அன்னைக்கி வெடிச்சது என் கையால இல்லையா?"

அவர் பொய் சொல்லவில்லை. "உங்க கையும் கொஞ்சம் இருக்கலாம். சட்டுனு உடையிற வெல்டிங் கம்பி, நாங்க போட்ட வரைபடம், எல்லாமே இருக்கு."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றே ஒட்டத் தொடங்கினாள்.

சோதனை நாளில், இரும்பு எங்கே வளைகிறது என்று தெரிவதற்காக உத்திரத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். இயந்திரம் அதை மேலும் கீழுமாகத் தள்ளி இழுத்தது. மெலிந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு இரும்பே நெளிந்தது. வெல்ட் அசையவில்லை.

"போதும்ப்பா, விட்டுடுங்க, பாவம்!" என்று அவள் கத்த, கூடமே சிரித்தது. இயந்திரம் நின்றதும் ஓடிப்போய் அந்த நெளிவில் கையை வைத்தாள். "வெர்ன், தொட்டுப் பாரேன். கதகதன்னு இருக்கு!"

ரிசீடா கட்டடத்தை அடுத்த கோடையில் நாங்களே சரிசெய்தோம். அதற்குப் பிறகு லாங் பீச்சில் ஒரு மருத்துவமனை. அதில் உத்திரங்கள் எல்லாமே இடை மெலிந்தவை. நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி வேலை அது. உச்சித் தளத்தை முடித்த அன்று கடல் காற்று நன்றாக வீசியது. மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

"இரு, என்ன அவசரம்?" என்றாள். வெயில் தாழும்வரை கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.