வெடிக்குப் பயப்படாத நாய்

எங்கள் காப்பகத்தில் நாய்களுக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்தால், வைத்தவரே அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். காப்பகத்தை நடத்தும் மிஸ் அப்படிப் பெயர் வைத்து வைத்தே, இப்போது அவருடைய வீட்டில் அவர் உட்காரக் கதிரை இல்லை. படிப்பித்து ஓய்வு பெற்றவர். இந்த வயதிலும் அவருக்கு முன்னால் நான் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

பெயருக்குப் பதிலாக ரிபன். கழுத்தில் மஞ்சள் என்றால் கடிக்கும். சிவப்பு என்றால் சோற்றில் மருந்துக் குளிசை கலக்கவேண்டும். நீலம் என்றால் ஒரு குறையும் இல்லை. பச்சை என்றால் காது கேளாது. பச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

காப்பகம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பழைய வீடும் பின்வளவும். காலையில் ஒருவர் சோறு அவிப்பார். பின்னேரம் இன்னொருவர் கூட்டிக் கழுவுவார். நாங்கள் நானா என்று கூப்பிடும் கோழிக்கடைக்காரர் கழுத்தும் தோலும் பையில் கட்டிக் கொண்டுவந்து தருவார். மிருக வைத்தியர் ஒருவர் நேரம் கிடைக்கும்போது வந்து ஊசி போடுவார். சனிக்கிழமைகளில் நாய்களைக் குளிப்பாட்டுவதும், நாய் கேட்டு வருகிறவர்களின் வீட்டைப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இரண்டாவதை நானாகக் கேட்டு வாங்கினேன். வீடு பார்க்கப் போனால் தேத்தண்ணியும் சுடச்சுடப் பற்றிஸும் தருவார்கள்.

கேட்டு வருகிறவர்களில் பல மாதிரி உண்டு. சோபாவுக்குப் பொருந்துகிற நிறத்தில் வேண்டும் என்று ஒரு பெண் படத்தைக் காட்டினார். குரைக்கவே கூடாது, ஆனால் கள்ளன் வந்தால் மட்டும் குரைக்கவேண்டும் என்றார் ஒரு கணக்காளர். இதனால் மிஸ் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். முதல் முறை வருகிறவருக்கு நாயைக் காட்டமாட்டார், விளக்குமாற்றைக் கையில் கொடுப்பார். வளவைக் கூட்டிவிட்டுப் போய், மறு கிழமையும் வருகிறவருக்குத்தான் நாய்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தம்பதி வாய் திறக்காமல் கூட்டினார்கள். ஐயா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்த அம்மா வீட்டில் கேக் அடித்து விற்பவர். சேர்ச் திருநாளுக்குக் கொளுத்திய வெடியில் மிரண்டு ஓடிய அவர்களுடைய பழைய நாய் பிறகு திரும்பவேயில்லை.

"வெடிக்குப் பயப்படாத நாய் ஒண்டு வேணும் தம்பி," என்றார் அந்த அம்மா. "எங்கட பக்கம் கோயிலெண்டாலும் வெடி, சேர்ச்செண்டாலும் வெடி."

என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் குறைந்துபோன காலம் இது. அந்த ஒரு சொல்லுக்காகவே எந்த நாயையும் கொடுத்திருப்பேன். வீட்டையும் போய்ப் பார்த்தேன். வாசல் நேராக ஒழுங்கையில் திறக்கிறது; த்ரீவீல்கள் படியை உரசிக்கொண்டு போகின்றன. ஆனாலும் காது கேட்கிற நாய்க்கு அது போதும். காது கேளாததை மதிலும் கேற்றும் உள்ள வீட்டுக்கு மட்டுமே கொடுப்பது என்பது மிஸ் போட்ட சட்டம். முன்பு அப்படியொரு நாயை மதிலில்லாத வீட்டுக்குக் கொடுத்து, அது ஒழுங்கையில் வந்த வான் வண்டியில் அடிபட்டுச் செத்தது.

அவர்கள் இரண்டாம் முறை வந்தபோது பக்கத்து ஒழுங்கைக் கலியாண வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். நாய்களெல்லாம் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே பாய்ந்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீல ரிபன் கட்டிய மண்ணிற நாயொன்று மட்டும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இவன் வீரன்," என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்தே. அதையே கொண்டுபோனார்கள்.

மிஸ் அந்நேரம் நுகேகொடையில் தங்கச்சி வீட்டில் நின்றார். திரும்பி வந்தவர் என்னைப் போனில் பிடித்தார்.

"நாயளைக் குளிக்க வாக்கேக்க ரிபனெல்லாம் எங்க வைச்சனீர்?"

"கொடியில காயப்போட்டனான் மிஸ்."

"பிறகு?"

"காஞ்சவுடன கட்டினனான்."

"எதை எதுக்கு?"

எங்களிடம் உள்ள நாய்களில் பாதி ஒரே மண்ணிறம்.

"பச்சை ரிபன் இப்ப அகப்பைச் சத்தத்துக்கு முதல் ஆளா ஓடி வருது," என்றார் மிஸ். "அப்ப செவிடு எங்க போயிட்டுது எண்டு யோசியும்."

யோசிக்கவில்லை, காப்பகத்துக்கு ஓடினேன். பச்சை ரிபனுக்குப் பின்னால் போய்க் கைதட்டினேன். அது திரும்பவில்லை. இதுதான் செவிடு, தப்பினேன் என்று மூச்சு விட்டேன். பிஸ்கற் பையைச் சரசரத்தேன். உடனே திரும்பியது. சத்தத்துக்கா, வாசத்துக்கா? நீல ரிபன்களுக்குப் பின்னாலும் போய்த் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. என் சோதனைப்படி காப்பகம் முழுக்கச் செவிடு.

பையோடு வந்த நானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகளுக்கு காது நல்லா ஈக்குது," என்றார். "ஒங்கள கணக்கெடுக்கல்ல, அவ்வளவுதான். ஒங்கட வீட்டுல மட்டும் நீங்க தட்டினா யாரும் திரும்புறாங்களா?"

நாயைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வார்ப்பட்டியைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு த்ரீவீலில் ஏறினேன். புறக்கோட்டை நெரிசலில் நிற்கும்போது, எதிரே வந்த ஒவ்வொரு வானும் அந்த நாயை அடித்துவிட்டு வருவதாகவே எனக்குத் தோன்றியது.

அவர்களுடைய வாசலில் புதிதாக ஓர் அரைக்கதவு இருந்தது, வெளியே தாழ்ப்பாளோடு. அந்த அம்மா திறந்தார். நாய் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் அழுதிருக்கலாம். வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

"சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்," என்றேன். பிறகு சும்மா பையிலிருந்த திறப்புக் கோர்வையைக் கலகலவென்று கீழே போட்டேன். சும்மா மேசையில் தட்டினேன். அந்த அம்மா தந்த தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டியால் மணி அடித்தேன். நாய் எழும்பவில்லை, ஐயாதான் எழும்பி வந்தார்.

"தம்பிக்குச் சீனி வேணுமாம் போல," என்றார்.

"இல்லை... இதுக்குக் காது..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்த அடுத்த நாளே தெரியும்," என்றார் அந்த அம்மா. "கேக் தட்டு கையால விழுந்திச்சு. முழு லேனும் எட்டிப் பாத்திச்சு, இவன் பாக்கல்ல. அதுக்குப் பிறகுதான் இந்தக் கதவு போட்டோம்."

"ஏன் எங்களிட்ட சொல்லேல்லை?"

"சொன்னா இப்ப வந்த மாதிரி வந்து நிப்பீங்கதானே."

அவருடைய பார்வை என் காற்சட்டைப் பையில் இருந்தது. வார்ப்பட்டியின் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து தொங்கியிருக்கவேண்டும்.

"காது கேக்காட்டித் திருப்பிக் குடுக்கணும் எண்டா," என்று கணவரைக் காட்டினார், "கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்த மனுசனுக்கு நான் சொல்ற ஒண்டும் கேக்கிறதில்ல. இவர எங்க கொண்டுபோய்க் குடுக்க?"

"என்ன சொல்றா?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அரைக்கதவு மதிலாகுமா? சட்டமா, பாயில் தூங்குகிற நாயா? இப்படியான நேரங்களில் நான் செய்வதையே செய்தேன்: மிஸ்ஸிடம் கேட்பதற்காகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன்.

"மிஸ், வீடு பாதுகாப்பாத்தான் இருக்கு," என்று தொடங்கியபோது மண்ணிறமாக ஏதோ என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. கதவின் தாழ்ப்பாளை நான் போடவில்லை.

நாய் நடு ஒழுங்கையில் நின்றது. முனையில் த்ரீவீல் ஒன்று திரும்பியது. நான் கத்தினேன். வா என்றேன், நில் என்றேன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். காது கேளாத ஒரு நாய்க்கு மும்மொழியிலும் அறிவித்தபடி கைகளை விரித்துக்கொண்டு த்ரீவீலுக்கு முன்னால் பாய்ந்தேன். வண்டி நின்றது. பின்னால் வந்த சைக்கிளும் மீன் வண்டியும் நின்றன.

"பிஸ்ஸுத அய்யே?" பைத்தியமா அண்ணே என்று சிங்களத்தில் கேட்டார் த்ரீவீல்காரர், கோபமில்லாமல், உண்மையாகவே விசாரிப்பதுபோல.

நாய் ஓரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா படியில் வந்து நின்று, ஒரு சொல்லும் பேசாமல், தோளில் கிடந்த துவாயை எடுத்து இரண்டு தரம் ஆட்டினார். நாய் கண்டது. எழும்பி, என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

போனில் மிஸ் இன்னும் இருந்தார். "என்ன சத்தம்? நாய் வெளியில போயிட்டுதோ?"

"போயிட்டு வந்திட்டுது மிஸ்."

"ஆர் கதவைத் திறந்து விட்டது?"

"நான்."

"உள்ளுக்க கூப்பிட்டது?"

"அவ. துவாயைக் காட்டினவ."

"அவவிட்ட போனைக் குடும்."

இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். நான் அரைக்கதவுக்கு வெளியே, வார்ப்பட்டியும் கையுமாக நின்றேன். உள்ளே சிரிப்புக் கேட்டது. யாரைப் பற்றி என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கடைசியில் போன் திரும்பி வந்தது.

"நாய் அங்கயே இருக்கட்டும்," என்றார் மிஸ். "வார்ப்பட்டியை அவவிட்ட குடுத்திட்டு வாரும். உம்மட விஷயமும் சொல்லியிருக்கிறன்."

என் விஷயம் என்னவென்று அடுத்த மாதம் நலம் பார்க்கப் போனபோது தெரிந்தது. பற்றிஸ் தந்தார். நாய் என் மடியில் தலை வைத்தது. நான் புறப்பட எழும்பியதும் அந்த அம்மா ஒரு கையால் நாயின் கழுத்தைப் பிடித்தார், மறு கையால் என் முழங்கையைப் பிடித்தார். என்னைப் படிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தாழ்ப்பாளைத் தானே போட்டார்.