பலம் கேட்டேன், அம்மாள் தரவில்லை

போன வருடம் ஆனி மாதத்தில் என் பிள்ளையின் தலைமணம் எனக்குக் குமட்டியது. ஒரு தகப்பன் இதைவிடக் கேவலமாக எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. பெயர் கயல்விழி. பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். நல்லெண்ணெய் மணம். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அவள் தன் பின்னலை எடுத்துத் தானே மணந்து பார்த்ததை யன்னலால் கண்டேன். அடுத்த நாள் எண்ணெய் வைக்காமல் வந்தாள்.

நயினாதீவு அம்மாளின் அடியார்களே, என் பெயர் யோகநாதன். ஊர் மடத்துவெளி. எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு நடந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது பிழை என்று மனைவி வதனி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

பூட்டிய வீடுகளைப் பார்ப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் கனக்க வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் கனடா, லண்டன், சுவிஸ். முதலில் ஒரு வீட்டுப் பூட்டின் திறப்பைத் தந்தார்கள். நம்பிக்கையான ஆள் என்று பெயர் வந்தது. மூன்றாச்சு, ஐந்தாச்சு. ஒன்பதில் வந்து நின்றது. ஒன்பது திறப்பையும் ஒரு கம்பியில் கோத்து இடுப்பில் கொழுவியிருப்பேன். அந்த இடத்தில் தோல் கறுத்துப்போனது.

வளவு கூட்டுவேன். வௌவால் எச்சம் சுரண்டுவேன். தண்ணீர்த் தாங்கிக்குள் செத்துக் கிடக்கும் பல்லியை எடுப்பேன். பிளாஸ்டிக் உறை கழற்றாத கதிரைகளைத் துடைப்பேன். வீடு பூட்டியிருந்தாலும் வெள்ளிக்கிழமை விளக்கு விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஏற்றுகிறவன் போனைப் பிடித்துக் காட்டவும் வேண்டும் என்பது புது வழக்கம்.

கனடாவில் இருக்கும் சுவர்ணா அக்கா வீடியோவில் வருவார்.

"தம்பி, திரியைக் கொஞ்சம் தூண்டிவிடும். சாமிப்படம் தெரியேல்லை."

"ஓம் அக்கா."

"பின் வளவுக்குப் போம். கறுத்தக்கொழும்பான் காய்ச்சதோ?"

"ஓம் அக்கா. ஏழெட்டு மாங்காய்."

"போன கிழமை பத்துக் கிடந்ததே?"

"அணில் கொண்டுபோட்டுது."

"அணிலோ, ஆளோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுக் காறித் துப்பினேன்.

அவர் கெட்டவர் இல்லை. தாய் செத்தபோது வர முடியாமல் வீடியோவில் அழுதவர். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஒருவர் மேலும் இரக்கம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. போன் கையில் சூடாக இருந்தால், செத்த பிராணியைப் பிடித்ததுபோல் இருக்கும்.

எல்லோருக்கும் ஓம் சொன்னேன். ஏலாது, என்னால் முடியாது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் ஆம்பிளை இல்லை என்று நினைத்தேன். "யோகன் இல்லாட்டி இந்த வட்டாரமே பாழ்" என்று ஊரில் சொல்வார்கள். எனக்குப் பெருமை. அடுத்தவன் கூரைப் பீலியில் இலை அள்ளிக்கொண்டிருந்தேன். என் குசினிக் கூரை ஒழுகியது. வதனி மூன்று முறை சொன்னாள். நான்காம் முறை சொல்லவில்லை. ஒழுகிய இடத்தில் சட்டி வைத்தாள்.

ஆனி கடைசியில் ஒரு பின்னேரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியட்டும். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு அண்ணை வீட்டை போறன்."

"ஏன்?"

"உங்களுக்குத்தான் ஒன்பது வீடு கிடக்கே. பத்தாவது ஏன்?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. தவணை முடிய ஆறு கிழமை இருந்தது.

நான் அம்மாளிடம் போனேன். வெள்ளிதோறும் நயினாதீவுக்குப் போகிறவன்தான். ஒன்பது குடும்பத்து ஆட்களின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய கொப்பித்தாளோடு போய் அர்ச்சனை செய்விப்பேன். அது முடிய எனக்கென்று கேட்பேன். தாயே, பலம் தா. ஒன்பது வீட்டையும் பார்க்கப் பலம் தா. வதனியை மறிக்கப் பலம் தா.

கேட்கக் கேட்கக் குறைந்தது.

களைப்பு எனக்குத் தெரியும். தோட்டத்தில் வெங்காயம் கிண்டிய களைப்பு படுத்தால் போகும். இது படுத்தாலும் போகவில்லை. காலையில் எழும்பும்போதே நாள் முடிந்தவன்போல் எழும்புவேன். சோறு வெறுத்தது. ஆட்களின் குரல் வெறுத்தது. கடைசியில் அம்மாளும் எனக்கு வெறுத்துப்போனாள். கற்பூரம் காட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை.

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளி. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினேன். சனம் நெரிந்தது. வேர்வை மணம், பூ மணம். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோயிலில் ஐயர் தாளைப் பார்த்து முப்பத்தெட்டுப் பெயரையும் சொல்லி முடித்தார். என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்.

"எல்லாரையும் சொல்லிப்போட்டீர் யோகன். உம்மட பேரை ஒரு நாளும் காணேல்லை. இண்டைக்குச் சொல்லுவம். நட்சத்திரம் என்ன?"

வாயைத் திறந்தேன். சுவர்ணா அக்காவின் மகனின் நட்சத்திரம் வந்தது. லண்டன்காரரின் பேரப்பிள்ளையின் நட்சத்திரம் வந்தது. என்னுடையது வரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். "பிறகு சொல்லுறன் ஐயா" என்று விலகினேன்.

அன்னதானத்துக்கு இருந்தேன். அம்மாளின் சோறு. பால்குடி மறந்த நாளிலிருந்து நான் தின்ற சோறு. ஒரு கவளம் வாயில் வைத்தேன். கைக்குள் துப்பினேன். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் இலையைத் தூக்கிக்கொண்டு தள்ளி இருந்தார். அவரில் பிழையில்லை. என்னை விட்டுத் தள்ளி இருக்க எனக்கும் வழி இருந்திருந்தால் இருந்திருப்பேன்.

சோற்றைக் கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். மதில் நிழலில் இருந்தேன். பலம் தா என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. நடுவில் நின்றது.

"எனக்கு ஏலாது அம்மா."

அவ்வளவுதான் நான் கேட்டது. கேட்டதுகூட இல்லை. சொன்னேன். நாற்பத்தாறு வயதில் முதல் முறை.

எழும்பப் பார்த்தேன். கால் எழும்பவில்லை. கோணிக்குள் அள்ளிப் போட்டதுபோல் கிடந்தேன். பூசை முடித்த ஐயர் கண்டு வந்தார். அந்த நேரம் என் போன் அடித்தது. அவரே எடுத்தார். சுவர்ணா அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"அவர் இஞ்ச ஏலாமக் கிடக்கிறார் பிள்ளை" என்றார் ஐயர்.

"ஐயோ! என்ன நடந்தது?" பிறகு கொஞ்சம் பொறுத்து, "அர்ச்சனை முடிஞ்சுதோ ஐயா?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன்.

"முடிஞ்சுது பிள்ளை. ஆளும் முடிஞ்சுபோனார்" என்று வைத்துவிட்டார். பிறகு வதனிக்கு எடுத்துச் சொன்னார்.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மூன்று மணி வள்ளத்தில் வந்தாள். பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தாள்.

"என்ன செய்யுது?"

"ஏலாது வதனி."

அவள் நின்றாள். "கலியாணம் கட்டிப் பதினைஞ்சு வருசமாச்சு. இந்தச் சொல்லை இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றாள். குனிந்து என் இடுப்பிலிருந்து திறப்புக் கம்பியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள்.

"நட்சத்திரமும் மறந்துபோனார்" என்றார் ஐயர்.

"உத்தரட்டாதி ஐயா" என்றாள் வதனி, யோசிக்காமல். நான் பிள்ளைக்கு முன்னால் அழுதேன்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் அம்மாவிடம் கூட்டிப் போனாள். இரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை.

"ஐயா, கடைசியா எப்ப ஒரு நாள் ஓய்வெடுத்தனீங்கள்?"

நான் யோசித்தேன். வதனி முந்திவிட்டாள். "கலியாணத்தண்டும் ஆடு மாத்திக் கட்டப் போனவர் டொக்டர்."

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "உழைச்சு உழைச்சு மனம் தேய்ஞ்சு போச்சு. அதுதான் எல்லாத்திலயும் வெறுப்பு. குளிசை மருந்து மட்டும் போதாது. பாரத்தை இறக்க வேணும்." இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து கதைக்கச் சொல்லி மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

"எனக்கு விசரோ?" என்று கேட்டேன்.

"வராமல் இருக்கத்தான்."

போனேன். கதைக்கத் தெரியாதவன் என்றபடியால் முதல் இரண்டு முறை சும்மா இருந்தேன். அதற்கும் அவர்கள் கோபிக்கவில்லை.

பிறகு ஒன்பது பேருக்கும் நானே எடுத்துச் சொன்னேன். மதிலடியில் அம்மாளிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஒருவர், "ஊரில இருக்கிறவைக்கு இப்ப சுகம் கூடிப்போச்சு" என்றார். ஒருவர் பாதியில் வைத்தார். சுவர்ணா அக்காவைக் கடைசிக்கு விட்டேன்.

"அப்ப வெள்ளிக்கு விளக்கு?"

"அங்க நீங்கள் ஏத்துங்கோ அக்கா. அம்மாள் அங்கயும் இருக்கிறா."

"இஞ்ச ஏத்தினால் புகைக்குக் கூரையில இருக்கிற மணி கத்தும் தம்பி" என்றார். சிரித்துவிட்டோம். கன மாதத்தில் எனக்குப் பொய்யில்லாமல் வந்த முதல் சிரிப்பு. சிரிப்பு அடங்க அவர் சொன்னார். "எனக்கும் ஏலாமத்தான் கிடக்கு. ரெண்டு வேலை. ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை. அந்த வளவைப் பாத்தால்தான் எனக்கு மூச்சு."

நான் காறித் துப்பிய மனிசி அது.

இரண்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். காலை வேலை மட்டும். வெள்ளியில் போன் இல்லை. கூரைக்கு ஓடு மாற்றினேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அப்பா" என்றாள். அவள் விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது அவளின் நேரத்தில்தான் ஆறும்.

தவணை முடிந்தது. வதனி உடுப்பு அடுக்கவில்லை.

"போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றாள்.

பத்து மாதமாகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது போதும்.

அருவருப்பு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன் அடித்தால் இன்னும் கையில் எடுக்கக் கூசும். ஆனால் எனக்கு இப்போது ஒன்று தெரியும். அன்று அம்மாள் பலம் தந்திருந்தால் பத்தாம் வீட்டுத் திறப்பையும் வாங்கியிருப்பேன். வதனி போயிருப்பாள். அதனால் அம்மாள் இருந்த பலத்தையும் எடுத்து என்னை நிலத்தில் இருத்தினாள். கேட்டதைத் தராமல் காப்பாற்றினாள். அவளுக்கு என் நன்றி.

எல்லோருக்கும் ஓம் சொல்லிக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் வெறுத்துக்கொண்டிருக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பலம் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஒருமுறை அம்மாளிடம் ஏலாது என்று சொல்லிப் பாருங்கள். வெட்கமாக இருக்கும். சொல்லுங்கள். பிறகு எழும்பி வீட்டுக்குப் போய், அங்கே இருக்கிற ஆளிடமும் அதையே சொல்லுங்கள்.