ஒட்டுச் சுவரில் ஈரம்

மழை விட்டு, தை பிறந்து, வெயிலும் ஏறிவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் படுக்கையறைச் சுவர் மட்டும் காயவில்லை. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர் அது. இடுப்பு உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் உப்பாக உதிர்ந்தது. பீரோவைத் திறந்தால் சேலைகளில் பூஞ்சை வாடை.

"மழ ஈரந்தான். பைய காஞ்சிரும்" என்றார் கணவர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவரைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டினேன். அறைக்காற்றின் ஈரமென்றால் தாளின் வெளிப்பக்கம் வேர்க்கும். சுவருக்குள் நீர் இருந்தால் உள்பக்கம் வேர்க்கும். மறுநாள் உள்பக்கமெல்லாம் துளித்துளியாக நீர்.

அந்தப் பக்கம் பூட்டிய வீடு. அங்கிருந்த அக்கா, கணவர் இறந்தபின் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அவர் இருந்தவரை, சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் நான் கொல்லைக்குப் போவேன். மதிலுக்கு மேலாகத் தேங்காய்ப்பால் மணக்கும் சொதிக் குழம்புக் கிண்ணம் வரும். என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில், "இப்ப எப்படி இருக்கா?" என்று சுவருக்கு அப்பாலிருந்தே கேட்பார். அவர் போனபிறகு அந்த அறையில் படுத்தால் ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேட்காது.

போன் செய்தேன். "அக்கா, உங்க வீட்டுல எங்கனயோ தண்ணி கசியுது. சாவி யார்ட்ட இருக்கு?"

"என்கிட்டதாம் இருக்கு. நானே வாரேன்."

இரண்டு நாளில் ரயிலேறி வந்தார். கதவைத் திறந்ததும் குப்பென்று ஈர வாடை. குளியலறையில் சுவருக்குள் போகும் குழாய் இணைப்பில் விரிசல். பிளம்பர் சுவரைக் கொத்திக் குழாயை மாற்றினார். சுவர் காயும்வரை அக்கா எங்கள் வீட்டில் தங்கினார்.

ஒரு மாலை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "வீட்ட வித்திரலாம்னு பையன் சொல்லுதான். நானும் தலையாட்டிட்டேன். இங்கன வந்தபொறவு மனசு ஒப்பல."

"அத அவன்கிட்டயே சொல்லுங்கக்கா."

அன்றே மகனிடம் பேசினார். "தனியா எப்படிம்மா இருப்பே?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கும் கேட்டது. "தனியா யாரு இருக்கா?" என்றார் அக்கா. சில நாள் பேசிப் பேசி அவன் இறங்கிவந்தான்.

பங்குனியில் இரண்டு பக்கமும் பூசி வெள்ளையடித்தோம். மகனே சாமான்களோடு வந்து அடுப்பு, சிலிண்டர் எல்லாம் சரிசெய்து கொடுத்தான். அக்கா பால் காய்ச்சினார். முதல் தம்ளரை என்னிடம் நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பாலைக் குடிப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.