இரண்டு பட்டியலிலும் இருந்த பெயர்கள்

எங்கள் அண்ணிக்கு வெளியில் வைத்த பெயர் ஹாரன். பள்ளிக்கூட வேனை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். எந்த வீட்டு வாசலிலும் இறங்கிப் போய்க் கதவைத் தட்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். ஒரு தடவை வண்டியின் ஹாரன் கெட்டுப்போய் மூன்று மாதம் யாருக்குமே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சில் மரியாதை கூடிவிடும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க' விழுந்தால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக எழுந்து போய்விடுவோம்.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துவிட்டுத் திரும்பும்போது கால் பஞ்சாகிவிடும். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். என்னைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு நகராட்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்து, இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். வண்டி நகராட்சியுடையது. ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டிய ஒரு சின்ன அறையும் டீசலும் ஆஸ்பத்திரியுடையது. உழைப்பு எங்களுடையது. எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது.

அந்த வண்டியில் அண்ணி வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பார்வை போன கணக்கு வாத்தியாருக்குப் பதினேழு பேருடைய சிகிச்சை நாட்களும் மனப்பாடம். முந்தின நாளே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நினைவுபடுத்துவார். ஒரு காலை எடுத்துவிட்ட தையல்காரம்மா சீட்டுக்கெல்லாம் முதுகு மெத்தை தைத்துப் போட்டார். நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், என்னிடம் போனைக் கொடுத்தார்கள். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை யார் கூப்பிட்டாலும் நான்தான். இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அது எனக்குப் பெருமை, மறைப்பானேன்?

ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் வண்டியின் பெயரும் மாறும். முதலில் 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதியிருந்தது. அடுத்து வந்தவர்கள் தன்னார்வம் எல்லாம் சரிப்படாது, ஒப்பந்தக்காரர்தான் சரி என்றார்கள். வண்டி எட்டு மாதம் கொட்டகையில் நின்றது. ஒப்பந்தக்காரரின் கார் ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. எங்களில் இரண்டு பேர் போவதையே விட்டுவிட்டார்கள், ஒருவர் உயிரோடு இல்லை. பிறகு கொள்கை மறுபடி மாறி, 'கூட்டாண்மை' என்று எழுதிய வண்டி திரும்பி வந்தது. புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து இன்னும் தெரியும்.

இந்த வருஷம் பெயர் மாறவில்லை, படிவம் மாறியது. பயனாளிகள் ஒரு பட்டியல், தன்னார்வலர்கள் ஒரு பட்டியல். ஒரே பெயர் இரண்டிலும் இருக்கக் கூடாது. வேறெங்கோ யாரோ தன் வீட்டு ஆட்களையே இரண்டு பக்கமும் எழுதி வண்டியைச் சொந்த வண்டியாக்கிக்கொண்டார்களாம், அதற்காக இந்த விதி. நகராட்சியின் இணைப்பு அலுவலர் நல்ல பெண். எங்கள் மேல் அக்கறை இருந்ததால் எங்களைவிட அதிகமாகப் பயந்தார். பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். ஏதாவது ஒரு கட்டத்தில் மட்டும் டிக் போட்டு, உறையில் ஒட்டி, வியாழக்கிழமைக்குள் தர வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டம்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. மற்றவர்கள் என்னைவிட மோசமான நிலையில் இருக்கிறார்கள், நான் இரண்டு பஸ் பிடித்துப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்து, தன்னார்வலர் கட்டத்தில் டிக் போட்டு ஒட்டினேன். அதற்குப் பெருந்தன்மை என்று எனக்கு நானே பெயரும் வைத்துக்கொண்டேன். உண்மையில் பயம். போனையும் கொடுத்துவிட்டால் நான் வெறும் நோயாளி.

வியாழக்கிழமை மதியம் அறையில் எல்லோரும் இருந்தோம். அண்ணிக்கு இரண்டு வாரமாகத் தோள்பட்டை வலி என்று எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர்தான் உதவிக்கு வந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்; அவரும் இருந்தார். அண்ணி சொல்ல, தையல்காரம்மா உறைகளைப் பிரித்துப் படித்தார். முதல் உறை தன்னார்வலர். இரண்டாவதும் தன்னார்வலர். ஆறாவதிலும் அதுவே. பதினேழும் அதுதான். பயனாளிப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. இணைப்பு அலுவலரைப் போனில் கூப்பிட்டேன். பயனாளியே இல்லாத திட்டத்துக்கு எப்படி வண்டி ஒதுக்குவது என்று அழாத குறையாகக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க எந்த பஸ்லங்க போறதா உத்தேசம்ங்க?"

கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"எல்லாரும் விட்டுக்குடுத்துட்டா வண்டியில யாருங்க ஏறுறது? காத்தா?"

கணக்கு வாத்தியார், சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேர் டிக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். முடியவே முடியாது என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். யாரும் எதையும் மாற்றக் கூடாது, இந்தப் பதினேழையும் இப்படியே கொடுப்போம் என்றார். என்ன பிடிவாதம் இது, நாளைக்கு வண்டி போனால் என் உயிர் அல்லவா போகும் என்று எனக்குக் கோபம் வந்தது. சொல்லவும் செய்தேன். "போகாது, நான் விடமாட்டேன்" என்றார். அதில் 'ங்க' இல்லை.

நகராட்சிக் கூட்ட அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அதனால் கூட்டம் எங்கள் அறையில்தான் நடக்க வேண்டும் என்று அண்ணி சாதித்துவிட்டார். துணை ஆணையர், இணைப்பு அலுவலர், டயாலிசிஸ் பிரிவுத் தலைமை நர்ஸ் மூன்று பேரும் தையல்காரம்மா அறை நாற்காலிகளுக்கும் தைத்துப் போட்டிருந்த மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. அண்ணிக்கு அது ஒரு பொருட்டா? பதினேழு படிவங்களையும் துணை ஆணையர் முன்னால் வைத்தார்.

"இவங்கள்ல ஒருத்தரும் பஸ்ல போற நிலைமையில இல்லைங்க. இருந்தும் வண்டி வேணாம், வேலைதான் வேணும்னு எழுதியிருக்காங்க. இதுல யார் பேரை அடிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைமை நர்ஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஒப்பந்தக்காரர் இருந்த எட்டு மாதத்தில் சிகிச்சைக்கு வராமல் போனது நாற்பத்தொரு தடவை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் மூன்றே தடவை. வேலை இருப்பதால் வருகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

துணை ஆணையர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா விதியை நான் எழுதலையே."

"தெரியும்ங்க. கையெழுத்து நீங்கதானே போடறீங்க." அண்ணி பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து மேலே வைத்தார். "இது பதினெட்டாவது. என்னோடது."

அதில் இரண்டு கட்டத்திலும் டிக் இருந்தது.

"கண்ணு போயிட்டிருக்குங்க. லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதுன்னு சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து கண்ணுக்கு ஊசி போட்டுக்க நானும் பின் சீட்டுல வரணும். ஏறி உக்காந்த உடனே எட்டு வருஷமா இருந்த பேரை இந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சிடுவீங்களா?"

குரல் உயரவே இல்லை. அண்ணி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. தோள்பட்டை வலி என்று சொன்னதை நானும் நம்பியிருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இருமலை வைத்து ஆளைச் சொல்கிற நான், இதைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

துணை ஆணையர் பேனாவைத் திறந்தார். பிறகு கோப்பின் ஓரத்தில் எழுதினார்: ஒரு வருஷத்துக்குச் சோதனை முறையில் ஒருவரே இரண்டு பட்டியலிலும் இருக்கலாம், வருகையை ஆஸ்பத்திரி சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு வருஷம். அதற்குள் எத்தனை கொள்கை மாறுமோ, யார் கண்டது? அண்ணி நன்றி சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு ஜெராக்ஸ் கேட்டார்.

திங்கட்கிழமை காலை முன் சீட்டில் போனோடு நான் உட்கார்ந்தேன். பேக்கரிக்காரர் வண்டியை எடுத்தார். பின் சீட்டில் அண்ணி. பின்னால் உட்கார அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் தரையில் பிரேக் போட்டார். என்ன வேலை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்டேன், சட்டம் அவர் போட்டதுதானே. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல்காரம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றது. பேக்கரிக்காரர் ஹாரனை அழுத்தக் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"வேணாம். அதுக்கு ஆள் இருக்கு."

பின்னாலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். தையல்காரம்மா வீட்டோடு பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறந்தது.