வால் நுனியின் நிறம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் என் வேலை தொங்கும். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், போய்ச் சேர்ந்தவர் படம், எல்லாவற்றுக்கும் பிரேம் போட்டது நான். தள்ளுவண்டியில் கண்ணாடியை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவியவன், இன்று கடைவீதியில் மூன்று மாடி கட்டி, உச்சியில் விளக்குப் போட்டுப் பெயர் எழுதியிருக்கிறேன். யார் தயவும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு சம்பாதித்தும், அவள் ஆசைப்பட்ட ஒரே ஒரு பொருளை மட்டும் என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

அக்கா நூல் கடையில் வேலை பார்த்தாள். பெண்கள் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதை வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பாள். உள்ளே போய் நூல்கண்டோடு திரும்புவாள். துணியையும் நூலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கிற வழக்கமே அவளிடம் இல்லை. "கண்ணுக்குள்ளயே டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கா" என்று கடை முதலாளியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அப்படிப்பட்டவளைப் பிடித்த பைத்தியம் பழைய பறவைப் புத்தகம். போட்டோ வருவதற்கு முந்தைய காலத்துச் சமாச்சாரம் அது. பறவையை வரைந்து கறுப்பு மசியில் அச்சடித்து, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆள் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டுவார்களாம். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகங்கள். முழுசாக ஒன்று வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். அக்கா வாங்கியதெல்லாம் தாள் குறைந்தவை. பழைய பேப்பர் கடை, ஏலம், வீடு காலி செய்கிறவர்கள் வாசலில் கொட்டுகிற குவியல் என்று லீவு நாளெல்லாம் அலைவாள்.

"பல்லு போன கிழவிங்கதான்டா நமக்குக் கட்டுப்படியாகும்" என்பாள்.

அவள் வீட்டில் ஒரே படுக்கையறை, ஒரே இரும்பு பீரோ. கீழ்த்தட்டில் அவளுடைய புடவைகள், மற்றத் தட்டெல்லாம் பறவைகள். அத்தான் இருந்தவரை, "இந்த வீட்ல றெக்கை முளைச்சாத்தான் பீரோவுல இடம்" என்று சொல்லிக்கொண்டே தன் சட்டையை ஆணியில் மாட்டுவார்.

புத்தகத்துக்குப் பல் ஏன் போகிறது? படத்தை வெட்டி எடுத்துச் சுவரில் மாட்ட விற்றால் நல்ல காசு. அப்படி வெட்டுப்பட்ட படங்கள் என் கடைக்கும் வரும். அதனால் அக்கா என் கடைக்கு வைத்த பெயர் கசாப்புக்கடை.

"நானா வெட்டினேன்? வெட்டி வந்ததுக்குக் கண்ணாடி போட்டேன், அவ்வளவுதான்" என்றேன் ஒரு நாள்.

"ஆமா, நீ வெட்டலடா. தொங்கவிட்டிருக்க."

இன்றைக்கும் நான் செய்தது தப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணாடி போடாவிட்டால் அதையும் கரையான்தானே தின்றிருக்கும்?

அக்கா முதன்முதலாக வாங்கிய புத்தகம்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. அதற்கு அட்டை இல்லை, பெயர்த் தாளும் இல்லை. பறவைகளின் பெயர், விவரமெல்லாம் தனிப் பாகமாம், அது எங்கே போனதோ! படங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயத்தோல் மாதிரி ஒரு மெல்லிய தாள். நடுவில் ஓரிடத்தில் படத்தை யாரோ பிளேடு வைத்து அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மெல்லிய தாள்தான் மிச்சம். காலகாலமாகப் படத்தோடு அமுங்கிக் கிடந்ததில் மசி ஏறி, அதில் பறவையின் நிழல் பழுப்பாக விழுந்திருந்தது. நீண்ட வால், லேசாகத் திரும்பிய கழுத்து, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு நிற்பு. எல்லாம் தெரிந்தது, நிறத்தைத் தவிர.

நூல் கடைக்காரிக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

"மயில்கழுத்தா இருக்குமாடா?" என்பாள் சாப்பிடும்போது. கை கழுவும்போது, "இல்ல, கருநீலந்தான்" என்பாள். பறவை தெரிந்த மூன்று பேரிடம் காட்டினோம். மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள். நான் விடுவேனா? பெரிய நகரத்தில் பழைய புத்தகம் விற்கிறவர் ஒருவரைத் தேடிப் போனேன்.

"இதே புத்தகம் முழுசா ஒண்ணு புடிச்சுக் குடுங்க. விலையைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல சார். கையால தீட்டினது. ஒரு புத்தகத்துல பச்சையா இருக்கும், இன்னொண்ணுல நீலமா இருக்கும். உங்க தாள்ல என்ன நிறம்னு உங்க தாளுக்குத்தான் தெரியும்."

அக்காவிடம் வந்து சொன்னேன். "அதான் சொல்றேன். மத்ததெல்லாம் அடுத்த வீட்டுப் பறவைடா" என்றாள்.

அந்தப் புத்தகத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. முதல் தாளில் நுழைந்த ஒரு புழு கடைசித் தாள் வரை நேராகத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. எல்லாத் தாளிலும் மேல் மூலையில் ஒரே இடத்தில் கடுகளவு ஓட்டை. "கசாப்புக்கடைக்கு எந்தப் பறவை வந்தாலும் ஓட்டை இருக்கானு பாருடா" என்று சொல்லிவைத்திருந்தாள். வந்த பறவையையெல்லாம் பார்த்தேன். வருஷக்கணக்கில் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் மருந்துக்கடை அம்மா ஒரு பிரேமைக் கொண்டுவந்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"கண்ணாடியை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே. வேற எதையும் நோண்டாதீங்க."

உள்ளே ஒரு பறவை. வெளுத்துப்போய்க் கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. பின்பலகையைக் கழற்றினேன். தாளின் மூலையில் கடுகளவு ஓட்டை. திருப்பிப் பார்த்தேன். கழுத்தும் தூக்கிய காலும் அதேதான். அக்காவின் தாளில் நிழல் இடது பக்கம் பார்க்கும், இது வலது பக்கம் பார்த்தது. ரப்பர் ஸ்டாம்பு குத்திப் பார்த்தவனுக்குத் தெரியும், அமுக்கினால் மாறித்தான் விழும்.

போன் போட்டேன். "அக்கா, அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுக் கடைக்கு வா."

"கசாப்புக்கடைக்கா?"

"வான்னா வா."

போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடை அம்மாவும் விஷயத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா புத்தகத்தை விரித்து, மெல்லிய தாளைப் படத்தின் மேல் கவிழ்த்தாள். கோட்டின் மேல் கோடு போய் உட்கார்ந்தது.

தாளை விலக்கிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இதை எங்க மாட்டியிருந்தீங்கம்மா?"

"ஜன்னலுக்கு எதிர்லக்கா. காலை வெயில் நேரா இது மேலதான் விழும். பாக்கவே நல்லா இருக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பறவையின் நிறம் முழுவதையும் வெயில் தின்று தீர்த்திருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரிந்த வித்தையை எடுத்தேன்.

"இதை எனக்குக் குடுத்துடுங்கம்மா. நீங்க சொல்றதுதான் விலை."

"விக்கிறதுக்கில்லண்ணே. எங்க வீட்ல எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் இதுதான்."

"டேய், சும்மா இருடா. எல்லாத்துக்கும் சட்டைப் பையைத் தடவாத" என்றாள் அக்கா. மறுபடி குனிந்தவள், மெல்லிய தாளை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். "இதுல வாலு குட்டையா இருக்கேடா. நிழல்ல இன்னும் நீளமால்ல இருக்கு? நுனி எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். படத்தைச் சுற்றி நாங்கள் வைக்கிற அட்டையில், நடுவில் படத்தின் அளவுக்கு ஜன்னல் போல அறுக்க வேண்டும். எவனோ ஒரு சோம்பேறி, கையில் அகப்பட்ட அட்டையை அப்படியே வைத்து வாலின் நுனியை மூடிவிட்டிருக்கிறான். என் கடைப் பையன் அப்படிச் செய்தால் அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கத்தியை நுழைத்து அட்டையை மெல்லத் தூக்கினேன்.

விரல் நுனி அளவுக்கு நிறம். நேற்றுத் தீட்டியது போல.

அக்கா மூக்கு படுகிற தூரத்தில் குனிந்திருந்தாள். நீலம் இல்லை, மயில்கழுத்து இல்லை. மாலை வெளிச்சம் பட்ட மேகம் மாதிரி ஏதோ ஒன்று. பிரேம்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

"மஞ்சளைத் தீட்டிக் காயவிட்டு, மேல மெல்லிசா ரோஜா இழுத்திருக்காங்க" என்றாள் அக்கா. "இது ஒத்தை நூல்ல வராதுடா. ரெண்டு இழை முறுக்கணும்." பிறகு சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "ஆயுசு பூரா நீலத்துலயே தேடிட்டிருந்திருக்கேன் பாரு, கூறு கெட்டவ."

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று மருந்துக்கடை அம்மா எழுந்தே விட்டார். "அண்ணே, வாலு முழுசாத் தெரியுற மாதிரி போட்டுடுங்க."

எனக்கும் அதே எண்ணம்தான். புது அட்டையை எடுத்து அளவுகோலையும் வைத்துவிட்டேன்.

"வேணாம்மா" என்றாள் அக்கா. "முன்ன மாதிரியே மூடிடச் சொல்லுங்க. வெளிச்சம் பட்டா இதுவும் போயிடும்."

"யாரும் பாக்க முடியலேன்னா அது இருந்து என்னக்கா?" என்றேன்.

"இருக்கும்ல?"

மருந்துக்கடை அம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மூடியே போடுங்கண்ணே. உள்ள என்ன இருக்குன்னுதான் இனிமே எனக்குத் தெரியுமே. மாட்டுற இடத்தையும் மாத்திடுறேன்."

அக்கா இன்னொரு முறை பார்த்தாள். போதும் என்பது போலக் கையைக் காட்டினாள். நான் அட்டையை அறுத்தேன். என் தொழிலில் தெரிந்தே அளவு குறைத்து அறுத்த அட்டை அது ஒன்றுதான். அந்தச் சோம்பேறி எங்கேயாவது உயிரோடு இருந்தால் நன்றாக இருக்கட்டும்.

சில நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். மேஜையில் புத்தகம் திறந்து கிடந்தது. மஞ்சளும் ரோஜாவுமாக முறுக்கிய ஒரு நூலை, மெல்லிய தாளில் நிழலின் வால் நுனி மேல் வைத்திருந்தாள். அச்சு அசல் அதே நிறம்.

"அப்பாடா, இப்பவாவது நிம்மதியா?" என்றேன்.

"என்னடா நிம்மதி? வாலே இப்படின்னா, கழுத்து என்ன நிறமா இருந்திருக்கும்?"

"மயில்கழுத்தா இருக்கும்க்கா."

"போடா. இந்த வாலுக்கு அது ஒட்டாது" என்றாள். நிழலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நூல்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.