மீசை அறுந்த கெளுத்தி

திருபுவனை ஃபேக்டரியில் அப்பாவுக்கு வேலை போன வருடம், எங்கள் கொல்லையில் சில நூறு கெளுத்திகள் வளர்ந்தன. யாரோ ஒரு சிநேகிதர் சொன்னார் என்று அப்பா பள்ளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து, ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். கறிக்கடையிலிருந்து வரும் கோழிக்குடலை அவற்றுக்குப் போடுவது என் வேலை. பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அதுதான். பக்கெட்டோடு நான் போய் நின்றாலே தண்ணீர் உலைபோலக் கொதிக்கும். அந்த மீன்களில் ஒன்றுக்கு ஒரு பக்கத்து மீசை அறுந்திருக்கும், முதுகில் வெள்ளைத் தழும்பும் உண்டு. அதற்கு ராஜா என்று பேர் வைத்திருந்தேன். குடல் தின்கிற ராஜா.

ஐப்பசியில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இது வளர்க்கக் கூடாத மீன், ஏரிக்குள் போனால் வேறெதையும் விட்டுவைக்காது, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் கொன்று புதைத்துவிடுங்கள் என்றார்கள். அப்பா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘கொன்றால் பாவம் தின்றால் போச்சு’ என்று சிரிக்கிற மனிதர், அன்று முழுக்க மண்வெட்டியைத் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் பெருமழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. அப்பா பள்ளத்திலிருந்து மீன்களைக் குடம் குடமாக அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து வாய்க்காலில் விட்டார். வாய்க்கால் நேராக ஏரிக்குத்தான் போகும். நானும் சின்னக் குடத்தில் சுமந்தேன். ராஜாவை என் கையாலேயே விட்டேன்.

"ஒரு உசுரக்கூட சாவடிக்கல பாரு. யார்கிட்டயும் சொல்லாத பாப்பா," என்றார் அப்பா.

உலகத்திலேயே நல்ல மனிதர் என் அப்பாதான் என்று அப்போது நினைத்தேன். வெறும் பள்ளத்தை மண் போட்டு மூடினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலையில் எனக்கும் பங்கு இருந்தது, எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மாமா படுத்த படுக்கையான பிறகு, நடவும் களையும் இல்லாத நாட்களில் ஏரி இறால்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. இடுப்பில் இறால் போடும் ஓலைப்பறியைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கோரை வேருக்கடியில் கையால் தடவிப் பிடிப்பாள். வெயில் ஏறுவதற்குள் பறி நிறைந்துவிடும். விற்றது போக ஒரு கை இறால் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அதில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பாள்.

தை மாதத்தில் பறி பாதிதான் நிறைந்தது. பங்குனியில் அடிப்பறிகூட நிறையவில்லை. எங்களுக்கு வரும் ஒரு கை இறால் நின்றுபோனது.

ஒரு காலையில் அத்தை எங்கள் வாசலில் வந்து கூடையை இறக்கினாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கூடைக்குள் முழங்கை நீளக் கெளுத்தி, தலையில் கத்தி வெட்டோடு, இன்னும் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா இது?" என்றார் அப்பா.

"எறா தடவச்சொல்ல கையில முள்ள ஏத்திடுச்சிடா. இத்த பாரு."

அத்தை எங்கள் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, ஒரு செங்கல் துண்டைப் போட்டு, பறியிலிருந்த பத்துப் பதினைந்து இறால்களை விட்டாள். அவை மீசையை ஆட்டிக்கொண்டு மெல்ல உலாவின. பிறகு கெளுத்தியைக் கழுவி, அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து பேசினில் ஊற்றினாள். ஒரு இமைப்பொழுதுதான். அத்தனையும் செங்கல்லுக்கடியில் புகுந்து அசையாமல் நின்றன.

"முன்னல்லாம் எறா காலாண்ட வந்து கடிக்கும். இப்ப இந்த மீனு வாட பட்டாலே பூந்துக்குது. கெணத்து எறாவ புடிச்சாந்து இதே மாரி ஊத்திப் பாத்தேன், அதுங்க பாட்டுக்கு திரியுது. அதுங்களுக்குத் தெரியல. ஏரியில கூட இருந்ததுங்க எத்தினி செத்துச்சோ, மிச்சம் இருக்கறது கத்துக்கிச்சு. ஆழத்துல போயி ஒண்டிக்கினா நானு எங்கடா தடவுவேன்?"

"எவனாச்சும் வெளியூர்க்காரன் கொண்டாந்து வுட்டிருப்பான்," என்றார் அப்பா.

அப்போதுதான் நான் கூடைக்குள் சரியாகப் பார்த்தேன். அறுந்த மீசை. முதுகில் வெள்ளைத் தழும்பு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் சொம்பில் தண்ணீர் மொண்டு அதன் வாயில் ஊற்றினேன். "ராஜாவ ஒண்ணும் பண்ணாத அத்த," என்று கெஞ்சினேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கொல்லையில் மடித்து வைத்திருந்த தார்ப்பாயைப் பார்த்தாள். கடைசியில் தன் தம்பியைப் பார்த்தாள். அப்பா பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவாத. நீயே வச்சுக்க," என்று கூடையை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, இறால்களை மட்டும் பறியில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கெளுத்தி சாயங்காலம் செத்தது. அதிகாரிகள் சொன்னபடி அப்பா புதைத்த ஒரே மீன் அதுதான்.

அதன்பின் அத்தை எங்கள் தெரு வழியாக ஏரிக்குப் போகவில்லை, கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாள். மழைக்காலம் இரண்டு கழிந்து இறால் கொஞ்சம் தலைகாட்டியது. அத்தை தடவுவதை விட்டுவிட்டு, தழைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தண்ணீரில் போட்டு வைத்தாள். பயந்து அதற்குள் ஒளிந்தவற்றைக் கட்டோடு தூக்கிக் கூடையில் உதறினாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிக்கரையில் அவளைப் பார்த்து ஓடினேன். என் தலையைத் தடவிக்கொடுத்தாள். கூடையிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி, ஆமணக்கு இலையில் வைத்து என் கையில் தந்தாள். "நீ தின்னு," என்றாள்.

கரையின் அந்தக் கோடியில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டது.  அத்தை கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சரிவில் இறங்கிக் கோரைக்குள் போய்விட்டாள். தண்ணீரில் ஒரு சலனம்கூட இல்லை.

எதையோ மறந்துவிட்டு அதை எடுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து, கையில் இறாலோடு நான் அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன்.