டீ குடித்தால் திறக்கும் சர்வர்: செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம்

இது ஊர் சுற்றப் போன கதை இல்லை, வேலைக்குப் போன கதை. 2006 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு இறால் ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரித்து வளர்ப்புப் பண்ணைகளுக்கு விற்கும் இடத்தில், சர்வர் ஆட்களை உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. மேனேஜர் நாகராஜன் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்: "எங்க சிஸ்டம் பொண்ணுதான் எதையோ சொதப்புது. வெள்ளிக்கிழமையோட அதுக்கு ஆறு மாசம் முடியுது. வேலையை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு நீங்க பார்த்துச் சொல்றதை வச்சுத்தான் முடிவு." சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டால் தீர்ப்பும் சொல்லச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரிக்காரனான எனக்கு ஈ.சி.ஆர். என்கிற கடலோரச் சாலை சுற்று வழி. காலை 7:50 மின்சார ரயில், டிக்கெட் ஆறு ரூபாய், 8:25க்குச் செங்கல்பட்டு. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஸ்டேஷன் எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை. 8:50க்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ், ஒன்பது ரூபாய், சுமார் முப்பது கிலோமீட்டர். 9:55க்கு மாமல்லபுரத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டார். "அறுபது தரேன்" என்றேன். "இன்னா சார், ஃபாரின்காரன் இருநூறு குடுத்துகினு கீறான், நீ அறுபதுன்ற" என்று அலுத்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார். நல்ல மனுஷன்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி ஹேச்சரி கேட்டில் இறங்கும்போது என் கைக்கடிகாரத்தில் 10:25. வாட்ச்மேன் பதிவேட்டில் 10:37 என்று எழுதினார்.

"பன்னெண்டு நிமிஷம் கூடப் போட்டிருக்கீங்களே?"

"உள்ள கடியாரம் இன்னா சொல்லுதோ அதான் சார் எழுதணும். மேனேஜர் ஆர்டர். அப்பதான் அல்லாரும் டயத்துக்கு வருவாங்களாம்."

நம் ஊரில் பாதி வீட்டுக் கடிகாரம் இப்படித்தானே ஓடுகிறது. சிரித்துவிட்டு உள்ளே போனேன். அங்கேயே நின்று யோசித்திருந்தால் பத்தே முக்காலுக்கு வேலை முடிந்திருக்கும்.

விஷயம் இதுதான். எந்தத் தொட்டியில் யார் என்ன மருந்து போட்டார்கள் என்பதை அழிக்க முடியாதபடி பதிய வேண்டும் என்று ஏற்றுமதிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் பாஸ்வேர்ட் கிடையாது. ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ், அடையாள அட்டை மாதிரி ஒரு ஃபைல். அதைப் பார்த்துத்தான் சர்வர் கதவைத் திறக்கும். மாதம் ஒருமுறை புதுசு. பாதுகாப்புக்காக எந்த நெட்வொர்க்கிலும் சேராத ஒரு தனிக் கம்ப்யூட்டரில் அதைத் தயாரித்து, பென் டிரைவில் எடுத்துப்போய்க் கொடுப்பது ரேவதியின் வேலை. திருக்கழுக்குன்றத்துப் பெண், இருபத்துமூன்று வயது. என்னைப் பார்த்ததும், "நான் தப்பா எதுவும் பண்ணலை சார்" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை, பாவம்.

என் கண்ணெதிரே இரண்டு சான்றிதழ் தயாரித்தாள். ஒன்றைப் பக்கத்து அறை லேபுக்குக் கொண்டுபோனோம். செல்லாது என்றது சர்வர். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய கடலோரத் தொட்டிக் கொட்டகைக்கு நடந்தோம். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் எழுந்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆனது. அதில் சட்டென்று திறந்தது.

நாகராஜன் இதற்காகவே காத்திருந்தவர் போல, "பார்த்தீங்களா? கொட்டாய் ஆளுங்களுக்கு ஒழுங்காப் போட்டுத் தருது. லேப்காரங்களோட இதுக்கு ஒத்துக்காது" என்றார். ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? சான்றிதழ் தந்த மூலத்தைச் சர்வர் நம்புகிறதா? நம்புகிறது. பெயர் பயனர் பட்டியலோடு பொருந்துகிறதா? பொருந்துகிறது. செல்லுபடித் தேதி? இன்றிலிருந்து ஒரு மாதம், பழுதில்லை. நடப்பதையெல்லாம் தானே எழுதிவைக்கும் சர்வரின் குறிப்பேடோ "செல்லாது" என்பதோடு வாயை மூடிக்கொண்டது. எந்த மூலத்தையெல்லாம் நம்பலாம் என்று சர்வர் வைத்திருக்கும் பட்டியலை ஒருமுறை புதுப்பித்துவிட்டு லேபில் மறுபடி முயன்றேன். திறந்துவிட்டது! நாகராஜன் என் முதுகில் தட்டினார். "பட்டியலைப் புதுப்பித்ததில் சரியானது" என்று அறிக்கையில் கம்பீரமாக எழுதியும் விட்டேன். அப்படியென்றால் அதுவரை அதைச் செய்யாதது ரேவதியின் குறை என்றுதானே அர்த்தம்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டீ வந்தது. ரேவதி மெதுவாகச் சொன்னாள்: "சார், எப்பவும் இப்படித்தான். டீ குடிச்சிட்டு வந்தா அதுவே திறந்துக்கும். அவசரத்துல வேற போட்டுக் கொடுத்தா அதுவும் திறக்காது. சொன்னா சிரிக்கிறாங்க."

டம்ளரை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 12:02. என் கையில் 11:50. "அந்தச் சான்றிதழ் கம்ப்யூட்டர்ல நேரம் வச்சது யாரு?" என்று கேட்டேன்.

"மேனேஜர் சார்தான். சுவரைப் பார்த்து வச்சார்."

சர்வர் இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் பிறப்பதோ பன்னிரண்டு நிமிடம் கழித்து வரப்போகிற நேரத்தில். பக்கத்து அறைக்கு இரண்டு நிமிடத்தில் போனால் அது இன்னும் பிறக்கவே இல்லை. மணலில் நடந்துபோனால் பிறந்துவிடுகிறது. நான் தேதியைப் பார்த்தேனே தவிர மணியைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டின் விவர அளவைக் கூட்டிவிட்டு இன்னொரு சான்றிதழ் போடச் சொன்னேன். "செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை" என்று வாயைத் திறந்தது சர்வர். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்து புதுசு போட்டோம். லேபில் முதல் தட்டலிலேயே திறந்தது.

நாகராஜன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி, கம்ப்யூட்டர்ல நேரத்தை மாத்திக்குங்க. சுவர்க் கடிகாரம் அப்படியே இருக்கட்டும். டிசிப்ளின் வேணும்" என்றார்.

ரேவதி போய் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன் விரித்தாள். அவள் பெயருக்கு நேரே மூன்று சிவப்புக் கோடு. 9:03, 9:05, 9:08. ஆபீஸ் ஒன்பது மணிக்கு.

"இந்த மூணு நாளும் பஸ் கொஞ்சம் லேட்டு சார். ஆனா அந்தப் பன்னெண்டு நிமிஷத்தைக் கழிச்சுப் பாருங்க, ஒன்பதுக்கு முன்னாடியே வந்திருக்கேன். சர்வருக்கு ஒரு நேரம், எனக்கு ஒரு நேரமா சார்?"

நாகராஜன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து மூன்று கோட்டையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் என் அறிக்கையைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினேன். காரணத்தை ஒரே வரியில், யார் வைத்த கடிகாரம் என்பதோடு. அதிலும் அவர் கையெழுத்துப் போட்டார். அந்த மட்டும் மனுஷனைப் பாராட்ட வேண்டும்.

மாலை மாமல்லபுரம் கடற்கரையில் வறுத்த மீன், இருபது ரூபாய், காரம் அதிகம். போகிறவர்களுக்கு: ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மாலையில் செங்கல்பட்டு பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம், ஐந்து மணிக்குள் பிடித்துவிடுங்கள். சான்றிதழ் தகராறுக்காகப் போகிறவர்கள் முதலில் இரண்டு பக்கக் கடிகாரத்தையும் பாருங்கள், தேதியோடு மணியையும் பாருங்கள். திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர் என்ன சொல்கிறார் என்று வந்தவுடனே கேளுங்கள். நான் டீ வேளை வரைக்கும் கேட்கவில்லை. முதல் அறிக்கையோடு மூட்டை கட்டியிருந்தால் என் கையெழுத்தால் ஒரு பெண்ணின் வேலை போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேவதி போன் செய்தாள். நிரந்தரம் ஆகிவிட்டதாம். "சுவர்க் கடிகாரம்?" என்று கேட்டேன்.

"காலைல ஸ்டூல் போட்டு நானே ஏறிப் பன்னெண்டு நிமிஷம் பின்னாடி திருப்பி வச்சேன் சார். மேனேஜர் சார்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டார்."